டேபிள் ஒழிபியல்

யாப்பருங்கலக்காரிகையில் ஒழிபியல் என்றோர் இயல் உண்டு. முன்னிரண்டு இயல்களில் சொல்லாமல் எஞ்சியதைச் சொல்வது அது. டேட்டாபேஸ் டேபிள்களைக் காலி செய்வது பற்றிய இவ்வாய்வுக்கும் அப்பெயரையே இரவல் வாங்கியிருக்கிறோம். ஒழிப்பதைப் பற்றிய நூல் என்று மயங்குவோர் மயங்குக.

நூற்பா (நாமே யாத்தது, தளை தட்டினால் பொறுத்தருள்க):

டெலீட், ட்ரங்கேட், டிராப் என்றாங்கு
ஒழித்தல் மூவகைத்து என்மனார் டிபிஏ.

உரை: டேபிள் என்பதற்கு மேசை என்றும் பொருள் உண்டாதலின், கல்யாண மண்டபத்துப் பந்தியை உவமையாகக் கொள்க. சாப்பிட்ட இலைகளை ஒவ்வொன்றாக மடித்து, யார் இலை, என்ன மிச்சம் என்று நோட்டில் எழுதிக்கொண்டே எடுப்பது டெலீட். அந்த நோட்டுக்கு லாக் என்று பெயர். மேசைமேல் விரித்த காகிதத்தை இலைகளோடு ஒரே சுருட்டாகச் சுருட்டுவது ட்ரங்கேட். மேசையையே தூக்கிப் போய்விடுவது டிராப்.

ட்ரங்கேட் செய்ததை ரோல்பேக் செய்ய முடியாது என்பாரும் உளர். ஆரக்கிளுக்கும் மைஎஸ்கியூஎல்லுக்கும் அது பொருந்தும். அவற்றில் அக்கட்டளை கமிட்டையும் கையோடு கூட்டி வரும். போஸ்ட்கிரெஸிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் கொடுத்தால் ரோல்பேக் ஆகும். ஆகவே பொதுவிதி அன்று என்க. இன்டர்வியூவில் கேள்வி கேட்பவரைத் திருத்துவது அவரவர் துணிவு.

இவ்வளவு வேகமான ட்ரங்கேட் இருக்க டெலீட் எதற்கு எனின், ட்ரங்கேட்டுக்கு 'வேர்' கண்டிஷன் கிடையாது. வேரோடு பிடுங்கும் கட்டளைக்கு வேர் இல்லாமற் போனது மொழியின் விளையாட்டு. வேறொரு டேபிள் ஃபாரின் கீயால் பிடித்துக்கொண்டிருந்தாலும் அது முரண்டு பிடிக்கும், பிடித்திருக்கும் டேபிள் காலியாகவே இருந்தாலும்.

டெலீட் முடிந்தது என்பதால் இடம் காலி என்று நம்பிவிடலாகாது. போஸ்ட்கிரெஸில் நீக்கிய ரெக்கார்டுகள் வேக்யூம் வரும்வரை செத்த நிலையில் அங்கேயே கிடக்கும். ஆரக்கிளில் ஹை வாட்டர் மார்க் உண்டு. வற்றிய ஏரியின் மதகில் பழைய வெள்ளக்கோடு நிற்பது போல. டேபிள் முழுவதையும் தேடும் கொயரி, சொட்டுத் தண்ணீர் இல்லாத ஏரியிலும் அந்தக் கோடு வரை நடந்துவிட்டுத்தான் திரும்பும்.

இனிக் கள ஆய்வு. ஓர் அலுவலகம், சனிக்கிழமை இரவு, எஸ்கியூஎல் சர்வர். கோடிக்கணக்கில் ரெக்கார்டு சேர்ந்துபோன ஒரு டேபிள். கடைசி ஒரு மாதம் போதும், அதற்கு முந்திய நான்கு வருடமும் போகலாம் என்று உத்தரவு. ஒரே டெலீட்டாகப் போட்டோம். லாக் ஃபைல் வீங்கி டிஸ்க்கின் விளிம்பைத் தொட்டது.

"அண்ணா, பயந்து கேன்சல் பண்ணிட்டேன்."

"ஏண்டா பண்ணின?"

எடுத்த இலையை எல்லாம் நோட்டைப் பின்னாலிருந்து படித்துத் திரும்ப விரிக்க வேண்டுமல்லவா? ரோல்பேக் விடிய விடிய ஓடியது. காலையில் பார்த்தால் ஒரு ரெக்கார்டுகூடக் குறையவில்லை.

எவ்வளவு போக வேண்டும் என்று கணக்குப் போட்டது எங்கள் பிழை. எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். காரிகையின் ஒழிபும் எச்சம்தானே. மிஞ்சுவது அதிகமென்றால் தவணை தவணையாக டெலீட் செய்க. எஸ்கியூஎல் சர்வரில் தவணைக்கு 4,000 ரெக்கார்டு உத்தமம். ஒரே கட்டளை சுமார் 5,000 பூட்டுப் போட்டால் அது மொத்த டேபிளையும் பூட்டப் பார்க்கும். மாதவாரியாகப் பார்ட்டிஷன் போட்டு வைத்த புண்ணியவான்களுக்கு இந்நூல் தேவையில்லை.

மிஞ்சுவது சொற்பமென்றால் அதை மட்டும் புது டேபிளுக்கு நகலெடுத்து, பழையதை டிராப் செய்து, பெயரை மாற்றுக. மறுவாரம் அப்படித்தான் செய்தோம். தம்பி வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் முடிந்தது. புது டேபிளுக்கு இன்டெக்ஸ் போட மறந்ததும், திங்கட்கிழமை காலை வந்த போன்களும் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.