மொட்டை மாடியில் ராமநாதபுரம்

கேள்வி: கடையில் வாங்கிய குண்டு மிளகாய் வற்றலின் விதை மாடித் தொட்டியில் முளைக்குமா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: வெயிலில் காய்ந்த, பழையதாகாத வற்றலாக இருந்தால் முளைக்கும். காதருகே குலுக்கிப் பாருங்கள், ‘நான் தயார்’ என்று விதையே கலகலக்கும்!

ராமநாதபுரத்தில் வானம் பார்த்த நிலத்தில் விளைந்து, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் இது. தாகம் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. வெயிலுக்கு அஞ்சாத இதற்கு நம் ஐப்பசி அடைமழையில்தான் குடை பிடிக்க வேண்டும். தொட்டியின் அடித்துளை அடைத்தால் வேர் அழுகிவிடும். பக்கத்தில் வேறு மிளகாய்ச் செடி இருந்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். அடுத்த தலைமுறை ஒல்லியாகப் பிறக்கலாம். எனவே விதைக்கென்று சில மொட்டுகளை மெல்லிய துணிப்பையால் மூடி வையுங்கள்.

சமையலுக்கா? வத்தக்குழம்பில் காம்போடு முழுசாகத் தாளியுங்கள். தோல் தடிமன், அதனால் நிதானமான தீ. காரம் குறைய வேண்டுமானால் விதையை மட்டும் உதறிப் பயனில்லை. விதை ஒட்டியிருக்கும் வெளிர் நரம்பில்தான் காரம் குடியிருக்கிறது. பச்சையாகப் பறித்தால் கீறி, உப்பிட்ட மோரில் இரவு ஊறவைத்து, பகலில் காயவைத்து, மோர் வற்றும்வரை தொடருங்கள். தயிர் சாதத்துக்கு இதைவிட நல்ல துணை நான் கண்டதில்லை. முதல் காய்ப்பில் நாலு பழங்களை விதைக்கு விட்டுவையுங்கள், மாமியே கேட்டாலும் கொடுக்காதீர்கள்!