ரசீது கேட்கும் அக்கா

எங்கள் தெரு அக்கா பிறந்தது சேலம் மாவட்டம். கல்யாணம் ஆனது தருமபுரி மாவட்டம். பேரன் பிறந்தது கிருஷ்ணகிரி மாவட்டம். வீடு மட்டும் ஒன்றுதான்; மத்திகிரியில் அதே ஓட்டு வீடு. 1965-இல் ஒரு தடவை, 2004-இல் ஒரு தடவை மாவட்டத்தைப் பிரித்ததில் அவருக்கு ஊர் ஊராகக் குடிபோன பெருமை கிடைத்தது. 2011-இல் மத்திகிரிப் பேரூராட்சியை ஓசூர் நகராட்சியோடு சேர்த்தார்கள். 2019-இல் அது மாநகராட்சி ஆயிற்று. திண்ணையை விட்டு எழுந்திருக்காமலேயே அக்கா சிட்டிக்காரி ஆகிவிட்டார்.

தருமபுரி மாவட்டமாக இருந்த காலத்தில் எங்களுக்குப் பெங்களூரு பக்கம், கலெக்டர்தான் தூரம். ஓசூர் போய், கிருஷ்ணகிரி தாண்டி, கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். அதனால் ஊரில் பாதிப்பேருக்கு அரசாங்கம் என்றால் கால்நடைப் பண்ணைதான். 1824-இல் கும்பெனிக்காரர்கள் தொடங்கிய பண்ணை. முதலில் குதிரை, பிறகு மாடு என்று நாலுகால் ஜீவன்களுக்கு சர்க்கார் அங்கே குறை வைத்ததில்லை. இரண்டு கால் உள்ளவர்கள் மனு எழுத வேண்டியிருந்தது.

எழுதியவர் அக்கா. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், மனுவில் தமிழ். ஜனநாயக மாதர் சங்கத்தில் உறுப்பினர். அவருடைய துணிப்பைக்குள் கார்பன் தாள், குண்டூசி, முத்திரை வாங்கிய பழைய நகல்கள், பஸ்ஸில் தின்ன வறுத்த கடலை. மூன்று பிரதி எடுப்பார்: ஒன்று ஆபீசுக்கு, ஒன்று சங்கத்துக்கு, ஒன்று அவருக்கு. தபால் பிரிவில் "வெச்சிட்டுப் போங்கம்மா" என்றால் நகரமாட்டார். "முத்திரை போடு சாமி, நான் பாட்டுக்குப் போறேன்" என்பார். முத்திரையில் தேதி சரியாக விழவில்லையென்றால் இன்னொரு தடவை. மனுவில் கேட்டது நடந்ததா என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கேட்டதற்கு அத்தாட்சி இருக்கிறதா என்பதுதான் அவர் கவலை.

இந்தப் பழக்கத்தின் அருமை எனக்குப் புரிந்தது வாச்சாத்தி விஷயத்தில்தான்.

1992 ஜூன் 20. அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிப் பழங்குடிகளின் ஊர். சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே போனார்கள். ஆலமரத்தடியில் ஊரை உட்காரவைத்து அடித்தார்கள். பதினெட்டுப் பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். ஆணும் பெண்ணுமாகச் சேலம் சிறைக்கு ஏற்றிவிட்டார்கள். வீரப்பன் காலம் அது. மத்திகிரி கூட்ரோடு டீக்கடையில் ஒரே வரியில் தீர்ப்பு எழுதினோம்: "கட்டை திருடினானுங்க, பட்டானுங்க." பெரிய பெரிய இடங்களில் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். டீக்கடைக்கும் கோட்டைக்கும் இவ்வளவு கருத்து ஒற்றுமை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

அக்கா வாச்சாத்திக்காக உண்டியலோடு சிப்காட் கம்பெனி வாசலில் நின்றார். ஷிப்ட் விட்டு வருகிற ஆம்பளைகள் ஒரு ரூபாய் போட்டு, பத்து ரூபாய்க்குப் புத்திமதி சொன்னார்கள். அவர் இரண்டையும் வாங்கிக்கொண்டார். "மைதிலி அம்மா நேரா அந்த ஊருக்கே போய்ட்டு வந்திருக்காங்க, உனக்கு கேட்டாண்ட நிக்கக் கஷ்டமா?" என்று என்னையும் பக்கத்தில் நிறுத்தினார்.

மைதிலி சிவராமனைத்தான் சொன்னார். 1939-இல் காக்கிநாடாவில் பிறந்தவர் என்பதால் அக்காவுக்கு அவர் ‘நம்ம பக்கத்து ஆளு’. இன்றைக்கு எங்கள் தெருப் பையன்கள் விசாவுக்குப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த அம்மா அமெரிக்காவில் சிராகூஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, நியூயார்க்கில் ஐ.நா. வட்டாரத்தில் வேலையும் பார்த்துவிட்டு, 1968-இல் திரும்பி வந்தவர். அந்த டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அங்கே போய், கூலிக் கணக்கிலிருந்து தொடங்கி அவர் எழுதினார். பிறகு வந்த உயர்நீதிமன்றத் தீர்ப்பு, கார் வைத்திருக்கிற பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பச் சிரமமாக இருக்கிறது என்றது. அந்தக் காலத்தில் கார் எதற்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது பாருங்கள்.

சென்னையில் ‘ராடிகல் ரெவ்யூ’ என்று ஓர் இங்கிலீஷ் பத்திரிகையை மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்தார்கள். என். ராம் ‘இந்து’ ஆசிரியர் ஆனார். ப. சிதம்பரம் நிதியமைச்சர் ஆனார். மூன்றாவது ஆள் மைதிலி. அவருக்குத் தொழிற்சங்கமும் ஆலை வாசலும் மாதர் சங்கமும் வாய்த்தன. யார் உருப்பட்டார் என்று டீக்கடையில் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வாச்சாத்தியில் அவர் செய்ததும் அக்கா செய்கிற வேலைதான், பெரிய அளவில். பெண்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார். மறுக்க முடியாதபடி தாளில் ஏற்றினார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்திடம் கொண்டுபோனார். ஆணையம் ஆள் அனுப்பிப் பார்த்தது. பழங்குடி சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கோர்ட்டுக்குப் போய், 1995-இல் சி.பி.ஐ. வந்தது. குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். நீதிபதி பி. வேல்முருகன் 2023-இல் ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். பிறகு அதே செப்டம்பர் 29-ஆம் தேதி, பன்னிரண்டு வருடம் கழித்து, தண்டனை உறுதியாயிற்று. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம். அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும் என்று உத்தரவு.

நடுவில் மைதிலி அம்மாவுக்கு அல்சைமர் வந்துவிட்டது. ஊரார் நினைவையெல்லாம் எழுதிவைத்தவருக்குத் தன் நினைவு தங்கவில்லை. 2021 மே 30-ஆம் தேதி கொரோனா கொண்டுபோயிற்று. கடைசித் தீர்ப்பு அவருக்கு எட்டவில்லை. சர்க்காருக்கு எந்த மறதி நோயும் கிடையாது; ஃபைல் இருந்தது, ஆளும் இருந்தார்கள், முப்பத்தோரு வருடம் ஆயிற்று. அன்றைக்குக் கட்டை திருடின கதை சொன்ன டீக்கடை பெஞ்சுக்காரர் தீர்ப்பு வந்த மறுநாள் என்னிடம், "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். அக்கா பக்கத்தில்தான் கடலை வாங்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனுஷனிடம் உண்டியலுக்கு ஒரு ரூபாய் பாக்கி இருப்பது அவர் கணக்கில் இன்னும் இருக்கும்.

இப்போது மனு கொடுக்கத் தருமபுரி போக வேண்டாம். 1100-க்கு போன் போடலாம். ‘மக்களுடன் முதல்வர்’, ‘உங்களுடன் ஸ்டாலின்’ என்று முகாம்கள் வீட்டுப் பக்கமே வந்தன. நாற்காலி, பந்தல், தண்ணீர் பாட்டில், கணினிப் பதிவு. ரசீது போனுக்கே வந்துவிட்டது. கொஞ்ச நாளில் மனு தீர்க்கப்பட்டதாக இன்னொரு குறுஞ்செய்தி. அக்கா கொடுத்தது சாக்கடை மனு. சாக்கடை வாசலில் அப்படியே நிற்க, தீர்வு மட்டும் போனில் வந்து நின்றது. எழுபது தாண்டிய அக்கா அந்தக் குறுஞ்செய்தியைக் கடையில் கொடுத்துத் தாளில் அச்சடித்து, சாக்கடையின் போட்டோவைக் குண்டூசியால் சேர்த்து, மூன்று பிரதி எடுத்து அடுத்த முகாமுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

பெண்களுக்கு உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு என்று 1996-இல் தேர்தல் நடந்தபோது தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தவர் அவர். பிறகு சட்டத்தில் பாதிக்குப் பாதி ஆயிற்று. அந்த முகாமில் கவுன்சிலரைப் பார்க்க வேண்டும் என்றார். வெள்ளைச் சட்டையில் ஒருவர் வந்தார்.

"சொல்லுங்கம்மா, நான் அவங்க வீட்டுக்காரர். எல்லாம் நான்தான் பாக்கறது."

"நல்லதுப்பா" என்று அக்கா நகலை நீட்டினார். "பெற்றுக்கொண்டேன்னு எழுதி கையெழுத்துப் போடு. அவங்க பேர்ல போடாதே, உன் பேர்லயே போடு. ‘எல்லாம் நான்தான் பாக்கறேன்’னும் மேல ஒரு வரி எழுதிடு."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டார்.