கிளட்சும் டீக்கடை நிபுணர்களும்

கே.கே. நகரில் பைக் உறுமியும் வேகம் எடுக்காவிட்டால் முதல் குற்றவாளி பெட்ரோல் பங்க், அடுத்தது கார்புரேட்டர். தீர்ப்பு டீக்கடையிலேயே வந்துவிடும். கிளட்சை யாரும் சந்தேகிப்பதில்லை. டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை முறுக்கிப் பாருங்கள்: சத்தம் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. (மேடைப் பேச்சாளர்களுக்கும் இதே சோதனைதான்.)

வழுக்காமல் இருக்க, பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் லிவர் முனையில் 10 முதல் 20 மி.மீ. ஆட்டம் விட வேண்டும். நம்மவர்களோ "லூசா இருக்குண்ணே" என்று கேபிளை இறுக்கவைத்து, போகிற வழியெல்லாம் லிவரில் இரண்டு விரலை ஊன்றியே ஓட்டுவார்கள். மிச்சமிருந்த கார் ஆயிலையும் ஊற்றுவார்கள்; டப்பாவில் பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்று சொல்லும் 'ஜாசோ எம்.ஏ.' குறி இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

ஆட்டமும் ஆயிலும் சரியாக இருந்தும் வழுக்கினால் பெரும்பாலும் பிளேட் தேய்ந்திருக்கும், மாற்றத்தான் வேண்டும். அதற்கும் பதில் தயார்: "தீபாவளி வரைக்கும் ஓடுற மாதிரி பண்ணுங்கண்ணே."