நம்ம சைடு

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. எங்கள் தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. இரவு பத்தரைக்கு மேல் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கும்போது, அவர் வாயிலிருந்து நாற்பது தடவையாவது உதிரும் வாக்கியத்தின் முதல் பாதியே பெயராக ஒட்டிக்கொண்டது. "நம்ம சைடு சரியாத்தான் இருக்கு." அதனால் அவர் நம்ம சைடு. காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் கீரைக்காரம்மாகூட, "உங்க மேல் வீட்டு நம்ம சைடு சாரு கொத்தமல்லிக்குக் காசு குடுக்காம போயிட்டாரு" என்றுதான் என்னிடம் சொல்வார். கேட்டால் அவர் சைடில் காசு போய்விட்டிருக்கும். கீரைக்காரம்மா சைடில் வந்திருக்காது.

என் தலைமுறைக்கு சர்வர் என்றால் தோளில் துண்டும் முழங்கை வரை தோசைத் தட்டுமாக வருகிறவர். 1964-ல் நாகேஷ் நடித்த 'சர்வர் சுந்தரம்' அவரைப் பற்றியதுதான். கிளையன்ட் என்றால் வக்கீலிடம் மாட்டிக்கொண்டவர். நம்ம சைடின் தொழிலில் இரண்டுமே மனிதர்கள் இல்லை, இரண்டு மென்பொருள்கள். ஆனால் நடப்பது என்னவோ ஹோட்டலில் நடப்பதேதான். கிளையன்ட் சீட்டெழுதி அனுப்பும்: ரவா தோசை, ஒன்று, வெங்காயம் வேண்டாம். சர்வர் உள்ளே போய் எடுத்து வரும், அல்லது கையை விரிக்கும். சீட்டில் எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று இரண்டு தரப்பும் முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். பேசியது ஒன்று, எழுதியது ஒன்று, புரிந்துகொண்டது ஒன்று என்று ஆவதில்தான் பெங்களூரில் பல குடும்பங்களுக்குச் சோறு கிடைக்கிறது.

கைவிரிப்பதற்கும் எண் வைத்திருக்கிறார்கள். 404 என்றால் அப்படி ஒரு பதார்த்தமே இங்கு இல்லை. 401 என்றால் நீங்கள் யார், தெரியவில்லையே. 400 என்றால் கேட்ட விதமே தப்பு. 500 என்றால் சமையல்கட்டில் ஏதோ கவிழ்ந்துவிட்டது. 504 என்றால் உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. நாலில் தொடங்கினால் குற்றம் கேட்டவருடையது, ஐந்தில் தொடங்கினால் கொடுப்பவருடையது என்பது ஏற்பாடு. மற்றவர்களுக்கு இவை பழுது எங்கே என்று காட்டும் அடையாளங்கள். நம்ம சைடுக்கோ தீர்ப்பு. அவர் சர்வர் கட்சி. நாலு வந்த இரவு மாடியில் விசில் கேட்கும். ஐந்து வந்த இரவு அவர் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார்கள்.

ஆகவே ஐந்தே வராமல் ஒரு வழி செய்து வைத்திருக்கிறார். என்ன கேட்டாலும் அவருடைய சர்வர் 200 என்று பதில் சொல்லும். 200 என்றால் எல்லாம் சுபம். உள்ளே பிரித்துப் பார்த்தால் 'தோல்வி' என்று பொடி எழுத்தில் இருக்கும். சில சொந்தக்காரர்கள் வாசல் வரை வந்து "வாங்க வாங்க" என்று வாய் நிறையக் கூப்பிட்டு, உள்ளே உட்காரவைத்துக் கடைசிவரை காபி கொடுக்காமல் அனுப்புவார்களே, அந்த உபசாரம்.

காபி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1998 ஏப்ரல் 1 அன்று இணைய விதிமுறைகள் எழுதும் கூட்டத்தில் ஒருவர், காபிப் பாத்திரத்தை இணையம் வழியாக இயக்குவதற்கு முழு மரியாதையோடு ஒரு விதிநூல் எழுதி வெளியிட்டார். ஏப்ரல் முட்டாள்கள் வேடிக்கைதான். அதில் 418 என்றொரு எண். 'நான் டீ கெட்டில், என்னிடம் காபி கேட்காதே' என்று பொருள். நான் அதைச் சொன்னபோது நம்ம சைடு சிரிக்கவில்லை. "அந்த கெட்டில் சொல்றது நியாயம்தானே அங்கிள்? அது சைடுல தப்பே இல்லியே" என்றார்.

அவருடைய ஆயுதம் ஸ்கிரீன்ஷாட். போஸ்ட்மேன் என்று ஒரு கருவி. காக்கிச் சட்டைக்காரர் இல்லை. சர்வரிடம் நாமே கடிதம் கொடுத்து நாமே பதில் வாங்கிப் பார்க்க உதவுவது. புகார் வந்த ஐந்தாவது நிமிடம் அதைத் திறந்து, தன் கம்ப்யூட்டரிலிருந்து தன் சர்வரைத் தானே கேட்டு, தானே பதில் வாங்கி, அதைப் படம்பிடித்து, சிவப்பில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் அம்புக்குறியும் போட்டு அனுப்பிவிடுவார். தன் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதிக்கொள்வது போல. அந்தக் கட்டங்களில் ஒரு கைநேர்த்தி இருக்கிறது, மறுக்க மாட்டேன். மூலைகள் பிசகுவதில்லை.

எதிர் சைடும் சளைத்ததல்ல. அங்கேயும் ஒருவர், அங்கேயும் சிவப்புக் கட்டம். இருவரும் முதலில் 'ப்ரோ' என்றுதான் ஆரம்பிப்பார்கள். 'ப்ரோ' 'சார்' ஆகிவிட்டதென்றால் சண்டை தொடங்கிவிட்டது. 'சார்' போய் 'டீம்' ஆகி, மேனேஜர்களின் பெயரெல்லாம் நகல் வரிசையில் ஏறிவிட்டால் போர். அப்புறம் பதினோரு பேர் கலந்துகொள்ளும் போன்கால். அதில் ஒன்பது பேர், தாங்கள் பேசுவது கேட்கிறதா என்று கேட்பதற்காகவே வந்தவர்கள். நடுவில் பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷனைக் கடக்கும் ரயில் நீளமாக ஒரு குரல் கொடுக்கும். "யாரோ மியூட் பண்ணல" என்பார் மேனேஜர். "நம்ம சைடு இல்ல சார்" என்பார் இவர், ரயிலுக்கும் சேர்த்து.

இந்த மனப்பான்மை வீட்டுக்குள்ளும் குடிவந்துவிட்டது.

"என்னங்க, பால் வாங்கிட்டு வரச் சொன்னேனே?"

"எனக்கு ரெக்வஸ்டே வரலியே."

"நீல டிக் வந்திருக்கு. காட்டட்டுமா?"

அந்த அம்மாள் சாதாரணப்பட்டவர் இல்லை. பதினைந்து வருடமாக ஒரு சர்வரோடு குடித்தனம் நடத்துகிறார். எதையும் எழுத்தில்தான் கேட்பார். கேட்ட நேரத்தையும் குறித்து வைப்பார்.

தப்பு பெரும்பாலும் யார் சைடிலும் இருப்பதில்லை, நடுவில் இருக்கிறது என்று அவரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். 1999 செப்டம்பரில் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று கோளுக்கு மிக அருகே போய்த் தொலைந்தது. கலத்தைச் செய்த நிறுவனத்தின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டில் கொடுத்தது. வாங்கிய நாசாவின் மென்பொருளோ நியூட்டன் என்று நினைத்துக்கொண்டது. ஒன்றுக்கு நாலரை மடங்கு வித்தியாசம். விண்கலத்தின் விலை மட்டும் சுமார் 12.5 கோடி டாலர். கொடுத்தவர் கணக்கும் சரி, வாங்கியவர் கணக்கும் சரி. எண்ணுக்குப் பக்கத்தில் இன்ன அளவை என்ற குறிப்பு போகவில்லை, அவ்வளவுதான். நம்ம சைடு மிகக் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஸ்பெக்ல நியூட்டன்னு போட்டிருந்தாங்களா அங்கிள்?" என்றார். போட்டிருந்தார்கள் என்றேன். "அப்ப வாங்கினவங்க சைடு சரி" என்று வழக்கை முடித்துவிட்டார்.

இணையத்தின் ஆதி சிற்பிகளில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980-லேயே இதற்கு ஒரு நெறி சொல்லி வைத்தார்: அனுப்பும்போது கறாராக இரு, வாங்கும்போது தாராளமாக இரு. பெங்களூர் இதை 'சொல்ப அட்ஜஸ்ட் மாடி' என்று மூன்றே சொல்லில் முடித்துவிட்டது. பஸ் சீட்டில் நாலாவது ஆளுக்கு இடம் விடும் நம்ம சைடு, எதிர் சைடிலிருந்து வரும் சீட்டில் பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். பின்கோடு எண்ணாக வர வேண்டிய இடத்தில் எழுத்தாக வந்தாலும் அப்படியே. எதிரே இருப்பவர் 03/04 என்று எழுதினால் அது ஏப்ரல் மூன்றா மார்ச் நாலா என்று கேட்கவே மாட்டார். தனக்குத் தோன்றிய தேதியை வைத்துக்கொண்டு, பிழை வரும்வரை பொறுமையாகக் காத்திருப்பார்.

அந்த எதிர் சைடு உட்கார்ந்திருப்பது சென்னை அயனாவரத்தில். இதில் எனக்கு ஒரு தனி ரசனை உண்டு. எங்கள் பேட்டைக்குக் காகிதத்தில் சர்வக்ஞ நகர் என்று பெயர். கன்னட மூவடிக் கவி சர்வக்ஞரின் பெயரால். எல்லாம் அறிந்தவர் என்று அர்த்தம். நம்ம சைடு குடியிருக்கப் பொருத்தமான விலாசம்தான். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அல்சூர் ஏரிக்கரை. அங்கே 1991-ல் வைத்த திருவள்ளுவர் சிலை பதினெட்டு வருடம் மூடியே கிடந்தது. கடைசியில் எடியூரப்பாவும் கருணாநிதியும் முதல்வர்களாக இருந்தபோது பேசி முடித்தார்கள். 2009 ஆகஸ்ட் 9-ல் இங்கே வள்ளுவர் திறக்கப்பட்டார். நாலே நாளில், 13-ஆம் தேதி, அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இதைச் சொன்னதும் நம்ம சைடின் கண் விரிந்தது. "பதினெட்டு வருஷம் டைம் அவுட்டே ஆகாம ஒரு ரெக்வஸ்ட் நின்னிருக்கு! ரெண்டு சைடும் 200!" அவர் ஒரு விஷயத்தில் இரண்டு சைடையும் பாராட்டி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

இனி கேக் விஷயம். என் பேத்தி பிறந்தநாளுக்கு ஒரு கடையின் ஆப்பில் மாலை ஆறு மணிக்கு கேக் சொல்லியிருந்தேன். பகல் பன்னிரண்டரைக்கு வந்தது. குழந்தை பள்ளிக்கூடத்தில். ஃபிரிஜ்ஜில் இடமில்லை. மாலைக்குள் கேக்கின் மேலிருந்த இளவரசி இடுப்பு வரை இறங்கிவிட்டாள். அன்றிரவு மாடிப்படியில் நம்ம சைடிடம் புலம்பினேன். முகம் மாறியது. அந்தக் கடையின் சர்வர் அவர்கள் கம்பெனியுடையது, ஆப் அயனாவரத்துடையது. "அது ஆப் சைடு அங்கிள்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினார்.

நடந்தது இதுதான். சர்வர்கள் பெரும்பாலும் நேரத்தை உலகப் பொது நேரத்தில்தான் எழுதிவைக்கும். நம் மாலை ஆறு அங்கே பகல் பன்னிரண்டரை. இது எந்த ஊர் நேரம் என்ற ஒட்டுக்குறி கூடவே போயிருந்தால் வாங்குகிறவர் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்வார். குறி போகவில்லை. அப்படியே கடைக்காரர் திரையில் 12.30 விழுந்துவிட்டது. விண்கலம் விழுந்த கதையேதான்; இங்கே இளவரசி.

அன்றிரவு பேச்சு ஒன்றரை மணி நேரம் நடந்தது. இரண்டு சைடும் சரியாகத்தான் இருக்கிறது என்ற முடிவோடு கலைந்தார்கள். கலைந்த பிறகு நம்ம சைடு, யாருக்கும் சொல்லாமல், சர்வரில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டார். அதே இரவு அயனாவரத்துக்காரரும், யாருக்கும் சொல்லாமல், ஆப்பில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டார். காலையில் இருவரும் ஒரே வாசகத்தை அனுப்பினார்கள்: இங்கே எதையும் மாற்றவில்லை, மறுபடி சோதித்துப் பாருங்கள்.

பத்து நாள் கழித்து எங்கள் கல்யாண நாள். புத்தி வராமல் மறுபடியும் மாலை ஆறுக்கே சொன்னேன். ஆறு போயிற்று, எட்டு போயிற்று. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டோம். பதினொன்றரைக்கு அழைப்பு மணி. கேக்கோடு ஒரு பையன் நிற்கிறான். தெரு நாய்கள் மொத்தமும் அவனுக்குப் பின்னால் நிற்கின்றன. சத்தம் கேட்டு மாடியிலிருந்து நம்ம சைடு இறங்கி வந்தார், காதில் ஹெட்போனோடு.

பில்லை வாங்கிப் பார்த்தார். 23.30 என்றிருந்தது. விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு போனை எடுத்து அயனாவரத்தைக் கூப்பிட்டார்.

"ப்ரோ... உங்க சைடுல ஏதாச்சும் மாத்தினீங்களா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. "இல்ல சார். நீங்க?"

"இல்லியே."

போனை வைத்துவிட்டார். என் மனைவி தட்டில் ஒரு துண்டு வைத்துக் கொடுத்தாள். "ரெண்டு பேரும் கூட்டியிருக்கீங்க போல. யாராவது ஒருத்தர் மட்டும் எடுத்துட்டா சரியாப் போயிடாதா?" என்றேன்.

"போயிடும் அங்கிள். ஆனா யார் எடுக்கறதுன்னு ஒரு கால் போடணும். பேசாம விட்டா இன்னிக்கு ராத்திரியே ரெண்டு பேரும் எடுத்துடுவோம்" என்று சொல்லி, இரண்டாவது துண்டுக்குத் தட்டை நீட்டினார்.