உச்சந்தலையும் உராய்வு மின்னும்: ஒரு வெள்ளிக்கிழமை ஆய்வு

முதலில் ஆய்வெல்லை. பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்கள். இவை 1995 வரை திருச்சிக்குள் கிடந்து, அதிலிருந்து ஒன்றாகப் பிரிந்து, 2001-ல் தனித்தனியாகி, 2002-ல் திரும்ப ஒட்டி, 2007-ல் மறுபடி விலகின. ஒட்டுவதும் விலகுவதுமே நிலைமின்னின் குணம் என்பதால், களத்தைத் தேர்ந்த பெருமை எனக்கல்ல, அரசாணைக்கே.

இனி வரையறை. இரு பொருள்கள் தேயும்போது ஒன்றின் எலெக்ட்ரான் மற்றதன் மேல் ஏறிக்கொள்வதே உராய்வு மின். பண்டைய கிரேக்கர்கள் இதற்காக அம்பரைத் தேய்த்தார்கள். எலெக்ட்ரான் என்ற பெயரே அம்பருக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நமக்குப் பிளாஸ்டிக் சீப்பு வாய்த்திருக்கிறது.

பிளாஸ்டிக் நாற்காலி: எழுந்தால் பாலியஸ்டர் சேலை உடன் எழாது. இத்துடன் நாற்காலி இயல் முற்றும்.

சீப்பு இயல் அப்படி முடியாது. நான் படித்த பள்ளியில், தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்குகளை இழுக்கும் என்று அறிவியல் பாடம் சொன்னது. வாத்தியார் ஐம்பது தலைகளில் சீப்பை ஓட்டினார். ஐம்பதிலும் தேங்காயெண்ணெய், சில காதோரம் வழிந்து சட்டைக் காலர் வரை. காகிதம் அசையவில்லை. கடைசித் தலைக்கு ஒரு துணுக்கு ஒட்டியது. எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டியது. 'சோதனை வெற்றி' என்று வாத்தியார் எழுதச் சொன்னார். இந்த ஆய்வு நெறிமுறையைப் பிற்காலத்தில் சில முனைவர் பட்ட ஆய்வேடுகளிலும் கண்டு நெகிழ்ந்தேன்.

எண்ணெயில்லாத் தலைக்கு எங்கே போவது? வெள்ளிக்கிழமைக்குத்தான் போக வேண்டும். அன்றுதான் பெண்பிள்ளைகள் சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளித்து, நுனிமுடிச்சோடு வருவார்கள் (பெரியம்மா, திண்ணைப் பேச்சு, முதல் வெற்றிலை). ஆனால் முதல் பீரியடில் தலை ஈரம். ஈரத்தில் மின்னேற்றம் தங்காது, கசிந்து ஓடிவிடும். நான்காம் பீரியடில்தான் முடி காயும் (பெரியம்மா, இரண்டாம் வெற்றிலை, சுண்ணாம்பு தடவுமுன்). ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரம், ஆகவே அதுவும் தள்ளுபடி. எனவே இவ்விரு மாவட்டங்களிலும் நிலைமின்சாரம் மாசி மாத வெள்ளிக்கிழமை நான்காம் பீரியடில் மட்டுமே நிலவுகிறது என நிறுவுகிறேன். செவ்வாயும் தலைக்குக் குளிக்கிற நாள்தானே என்று வாதிடும் செவ்வாய்ச் சார்பினர் உண்டு. அவர்களுக்குரிய பதில் முன்பே தரப்பட்டுவிட்டது (பெரியம்மா, திருத்திய பதிப்பு, நான்காம் வெற்றிலை, துப்பிவிட்டு வந்தபின் சொன்னது, பக்கத்து வீட்டு அத்தையின் மறுப்புரையும், மறுப்புக்கு மறுப்பாகச் சொம்பு உருண்ட ஓசையும் இணைப்பில்).

அரியலூர்ப் பக்கம் வந்தால் சீப்புக்கு ஒரு பெரிய அண்ணன் உண்டு. டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லைத்தான் இங்கே சிமெண்ட் ஆக்குகிறார்கள். சிமெண்ட் ஆலைத் தூசு புகைபோக்கியில் ஏறாமல் பிடிக்கும் கருவிகளில் ஒன்று, ஆலைக்காரர்கள் ஈ.எஸ்.பி. என்று சொல்லும் பெட்டி. கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவே பல்லாயிரம் வோல்ட். தூசு மின்னேறிப் போய்த் தகட்டில் அப்பும். சுத்தியல் தட்டத் தட்ட உதிரும். அமெரிக்கர் காட்ரெல் 1908-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் ஊரில் தலைக்கு எண்ணெய் வைக்கிற வழக்கம் குறைவு என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

மின்னல் பற்றியும் எழுதாவிட்டால் தேர்வாளர் கேட்பார். மேகத்துக்குள் பனித்துகள்கள் மோதிச் சேர்த்த மின்னேற்றம் சுமார் 30,000 ஆம்பியராக இறங்குகிறது. வழியிலுள்ள காற்று சூரியனின் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு சூடேறி வெடிப்பதே இடி. ஒலி ஒரு கிலோமீட்டர் வர 3 விநாடி. இந்த விநாடிகளை எண்ண, இடிக்குப் பயந்து சொல்லும் 'அர்ச்சுனா'வையே நம் மக்கள் அளவையாக வைத்திருக்கிறார்கள். நிதானமாகச் சொன்னால் ஒரு அர்ச்சுனா ஒரு விநாடி. மின்னியதிலிருந்து 30 அர்ச்சுனாவுக்குள் இடி கேட்டால், கொல்லையில் பருத்தி எடுப்பவர் புளியமரத்தடிக்கு ஓடாமல் வீட்டுக்குள் போய்விட வேண்டும். பயத்தில் வேகமாகச் சொல்பவருக்குக் கணக்குத் தப்பும். 'மின்' பழந்தமிழ்ச் சொல், ஆகவே மின்வாரியமும் பழமையானதே என்று நிறுவும் கட்டுரை இதே கருத்தரங்க மலரில் அடுத்த பக்கத்தில் இருப்பதால் நான் அதற்குள் நுழையவில்லை.

என் கட்டுரை ஏற்கப்பட்டது என்ற கடிதம், நான் அதை எழுதத் தொடங்கும் முன்பே, கட்டண ரசீதோடு வந்து சேர்ந்தது. சான்றிதழை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அதில் தூசு படிகிறது. துணியால் அழுத்தித் துடைத்தால் இன்னும் அதிகமாக ஒட்டுகிறது, குறிப்பாக வெள்ளிக்கிழமைகளில்.