குளிகையும் கடைமடையும்: காவிரிப் படுகைக் காரியத் திட்டவியல் குறித்து ஒரு பூர்வாங்க ஆய்வு

தனிமனிதன் தன் வேலைகளை எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்வது என்ற துறையில் மேலைநாட்டு அறிஞர்கள் எழுதிக் குவித்தவை யாவும் ஒரே அனுமானத்தின் மேல் நிற்கின்றன. வேலை தயாராக இருக்கிறது, ஆள்தான் சோம்பிக் கிடக்கிறான் என்பது அந்த அனுமானம். இத்தாலிய மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் பிற்பகுதியில் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை முறுக்கி வைத்துக்கொண்டு, 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று ஒரு முறை கண்டார். அமெரிக்கரான டேவிட் ஆலன் 2001-இல் வெளியிட்ட நூலில், மனத்தில் கிடப்பதையெல்லாம் தாளில் இறக்கு, இரண்டு நிமிடத்தில் முடிவதை அப்போதே முடி என்றார். நல்ல யோசனைகள்தாம். ஆனால் இருவர் முறையிலும் மதகுக்கு இடமில்லை.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை வட்டாரங்களில் நிலைமை தலைகீழ். இங்கே ஆள் கோழி கூவுமுன் எழுந்து, டீக்கடையில் பேப்பரும் பார்த்துவிட்டுத் தயாராக நிற்கிறார். வேலைதான் வந்து சேரவில்லை. 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12-ஆம் தேதி திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2017-இல் காந்தி ஜயந்தியன்று திறந்தார்கள். மாறாக 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்து, நாற்றங்கால் நினைப்பே இல்லாதவர்களையும் திடுக்கிட வைத்தார்கள். 2024-இல் மறுபடியும் ஜூலை 28. இப்படிப்பட்ட ஒரு தேதியை நடுவில் வைத்துக்கொண்டு தக்காளியை முறுக்கி என்ன பயன்?

தண்ணீர் கல்லணைக்கு வந்தால் தலைமடைக்காரருக்கு முறை வரும். தலைமடை நிறைந்தால் கடைமடைக்கு வரும். வந்த பிறகு டிராக்டருக்குக் காத்திருக்க வேண்டும், நடவாளுக்குக் காத்திருக்க வேண்டும், திரி பேஸ் கரண்டுக்குக் காத்திருக்க வேண்டும். அறுப்பு நேரத்தில் பெல்ட் மிஷின் பக்கத்து ஊரில் நிற்கும். புரோக்கருக்கு போன் போட்டால் ‘தோ, உங்க வயலுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கு’ என்பார். ஆலனின் முறையிலும் பிறருக்காகக் காத்திருப்பவற்றுக்கு ஒரு தனிப் பட்டியல் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவரிடம் அது ஒரு மூலையில் கிடக்கிறது. இங்கே அதுதான் தலைப் பட்டியல். மற்றதெல்லாம் அதன் அடிக்குறிப்பு. ஆகவே இம்மண்ணுக்குப் பொருந்தும் திட்டமுறை என்பது வேலையை முடிப்பதற்கானது அல்ல, ஒழுங்காகக் காத்திருப்பதற்கானது என்பதே இவ்வாய்வின் கோட்பாடு.

இதற்கான கருவி ஏற்கெனவே வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்குகிறது. உரக்கடைக்காரரோ நகைக்கடைக்காரரோ இலவசமாகக் கொடுத்த தேதி கிழிக்கிற காலண்டரை இதுவரை யாரும் திட்டவியல் நோக்கில் ஆராயாதது வியப்பு. ராகு காலம் நாளுக்கு ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி. ஆக, பன்னிரண்டு மணிப் பகலில் மூன்று மணி நேரம் விலக்கப்பட்டது. சிரில்லோ கொடுக்கும் ஓய்வு ஆறில் ஒரு பங்கு, நம்முடையது நான்கில் ஒரு பங்கு. தாராளம் எந்தப் பக்கம் என்பதை வாசகரே முடிவு செய்யலாம். இன்னொரு நுட்பமும் உண்டு. ராகு காலம் தடுப்பது தொடங்குவதைத்தான், தொடர்வதை அல்ல. களை எடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கரையேறி உட்கார்ந்துவிடுவதில்லை. ஆனால் புது மோட்டார் இறக்கப் போகிறவர் பத்தரை வரை திண்ணையில் இருந்துவிட்டு, பத்து முப்பத்தொன்றுக்குச் செருப்பை மாட்டுகிறார். வேலையைத் தொடங்கத்தான் மனிதனுக்குத் தயக்கம் என்று மனவியலார் சொல்கிறார்களே, அந்தத் தயக்கத்துக்கு நிமிடக் கணக்காக ஒரு முடிவு நேரம் குறித்துக் கொடுத்த முறை இது.

குளிகையின் பெருமை இன்னும் உணரப்படவில்லை. அந்நேரத்தில் செய்தது மறுபடியும் நடக்கும் என்பது நம்பிக்கை. ஆகவே நகை வாங்கலாம், கடனைத் திருப்பிக் கட்டலாம். கடன் வாங்கக் கூடாது, பிணம் எடுக்கக் கூடாது. இன்றைக்குச் செல்போன் செயலிகளில் ‘ரிப்பீட்’ என்று ஒரு பொத்தானை வைத்துக் காசு வாங்குகிறார்களே, அதே வசதிதான். கடனைத் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டுமானால் திரும்பத் திரும்பக் கடன் இருந்தாக வேண்டுமே என்று ஒரு தர்க்கச் சிக்கல் எழலாம். ஆண்டுதோறும் பயிர்க்கடனைப் புதுப்பிக்கிறவருக்கு அதில் சிக்கல் எதுவும் தெரியாது.

ஆலன் வேலைகளை இடத்துக்கும் கருவிக்கும் ஏற்பப் பிரிக்கச் சொல்கிறார்: போனில் முடிப்பவை, கடைத்தெருவில் முடிப்பவை என்று. காலண்டர் அதைத் திசைவாரியாகப் பிரித்துவைத்திருக்கிறது. ரோகிணி, பூசம் முதலான ஒன்பது நட்சத்திரங்கள் மேல்நோக்கு. அன்று சுவர் எழுப்பலாம். பரணி, மகம் முதலான ஒன்பது கீழ்நோக்கு. அன்று போர் போடலாம். மீதி ஒன்பதும் சமநோக்கு. ஏர் பூட்டலாம், மாடு வாங்கலாம். பயணத்துக்குச் சூலம் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை கிழக்கே சூலம், எனவே தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போவது உசிதமல்ல. போயே தீர வேண்டுமென்றால் தயிர் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அதே தாளில் பரிகாரமும் அச்சாகியிருக்கிறது. விதியை மீறுகிறவனைக் குற்றவுணர்ச்சியில் தள்ளாமல், ஒரு கரண்டித் தயிரோடு அனுப்பிவைக்கும் பெருந்தன்மையை வேறு எந்த முறையிலும் நான் பார்க்கவில்லை.

கிழித்த தாளின் பின்பக்கம் வெறுமை. அதுதான் பணிப்பட்டியல். கள ஆய்வில் கண்ட ஒன்று: ‘யூரியா 2. வாசர். கற்பூரம். வி.ஏ.ஓ. தங்கச்சி வீடு.’ முதல் மூன்றும் வாங்க வேண்டியவை. நான்காவது பார்க்க வேண்டியவர், அடங்கலுக்காக இருக்கலாம். ஐந்தாவதில் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதியவர் மட்டுமே அறிவார். அவர் முகத்தைப் பார்த்தபோது கேட்கத் தோன்றவில்லை. தாள் நான்காக மடிந்து சட்டைப் பையில், ஆதார் ஜெராக்ஸுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவே குடியேறுகிறது. வாரம் ஒருமுறை பட்டியலை மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது ஆலனின் கட்டளை. இங்கே சட்டையைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடும்போது அது தானே நடந்துவிடுகிறது. கசக்கிய பிறகும் எவை நினைவில் நிற்கின்றனவோ அவையே முக்கியமான வேலைகள்.

அரசும் ஒருமுறை இத்துறையில் இறங்கியது. 1960-இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று; ‘பேக்கேஜ் புரோகிராம்’ என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்தனியே பண்ணைத் திட்டம் எழுதினார்கள்: எத்தனை ஏக்கர், என்ன விதை, எவ்வளவு உரம், எவ்வளவு கடன். திட்டத் தாள்கள் போன இடம் தெரியவில்லை. அந்தப் பத்தாண்டின் நடுவில் வந்த ஆடுதுறை 27 மட்டும் பற்றிக்கொண்டது. திருச்சி வானொலியில் கேட்டே ஊர் ஊராகப் பரவியதால் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர். ஜப்பானிய நோரின் ரகத்தையும் நம்மூர் ஜி.இ.பி. 24-ஐயும் சேர்த்து உண்டாக்கியது அது. திறம்பட உழைப்பது பற்றி ஜப்பானிலிருந்து உலகெங்கும் எத்தனையோ தத்துவங்கள் ஏற்றுமதியாகியிருக்கின்றன. இம்மாவட்டம் நாற்றை மட்டும் வாங்கி நட்டுக்கொண்டது.

ஒத்திவைப்பியலைத் தொடாமல் விட்டால் ஆய்வு நிறைவுறாது. ஆடி கழியட்டும், புரட்டாசி போகட்டும், அறுப்பு முடியட்டும், தை பொறக்கட்டும் என்ற நான்கு நிலைகளில் ஆண்டின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. இவற்றில் ‘அறுப்பு முடியட்டும்’ என்பதே வலுவானது. பல் வலி, பெண்ணின் கல்யாணம், சம்பந்தி சண்டை எல்லாம் அதற்குள் போய்விடும். எந்த அறுப்பு என்று யாரும் கேட்பதில்லை. குறுவை போனால் சம்பா இருக்கிறது, சம்பா இல்லாவிட்டால் தாளடி.

கொள்முதல் நிலையத்தின் முன்னால் இந்தக் கோட்பாடு கொஞ்சம் திணறுவதை மறைக்க முடியாது. குறுவை அறுப்பு, வடகிழக்குப் பருவமழை வரும் வேளையில் முடிகிறது. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. டோக்கன் வாங்கியவர் சாலையில் நெல்லைக் கொட்டி, காலால் கிளறிக் காயவைத்து, இருட்டினால் தார்ப்பாய் போட்டு மூடி, அதன் மேலேயே படுத்துக்கொள்கிறார். காலையில் தார்ப்பாயைத் தூக்கினால் அடிநெல் முளைவிட்டிருக்கும். இதுவும் காத்திருப்புதான். இதற்கு எந்தத் தாளிலும் தயிர் அச்சாகவில்லை.

பொறியியல் படித்துவிட்டு வயலுக்குத் திரும்பிய பையன்கள் இப்போது செயலி வைத்திருக்கிறார்கள். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு வீட்டில் ஜூன் கடைசியில் பையனின் போனில் ஒரு வரி சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

‘என்னடா அது செவப்பா?’ என்றார் அப்பா.

‘நாத்து விட நாள் தாண்டிருச்சுப்பா. ஓவர்டியூன்னு காட்டுது.’

‘யாரு தாண்டுனது? நாம தாண்டலயே. அத அப்படியே மேட்டூருக்குத் தள்ளிவிட முடியுமா பாரு.’

பையன் தேடிப் பார்த்தான். வேலையை இன்னொருவர் தலையில் கட்டுவதற்கு ‘அசைன்’ என்று ஒரு பொத்தான் இருக்கத்தான் செய்தது. அணையின் இமெயில் முகவரியைக் கேட்டது.