கட்டைவிரல் நிர்வாகம்

தொண்டு நிறுவனத்தின் திட்ட மேலாளர், பணம் தருபவருக்கும் அது போய்ச் சேரவேண்டியவருக்கும் நடுவில் நின்று இரு பக்கமும் திட்டு வாங்குபவர். அவருடைய தலைமைப் பணி மூன்று பிரிவுகளைக் கொண்டது: மேலே சொல்வது, கீழே சொல்வது, கேட்பது. மூன்றாவதுதான் உயிர்நாடி என்பதால் அது கடைசியில் விரிவாக விளக்கப்படும்.

மேலே சொல்வது முழுக்க எழுத்து வேலை. இதற்கான தலையாய கருவி லாக்ஃப்ரேம் என்னும் அட்டவணை. அமெரிக்காவின் யூ.எஸ்.எய்டு நிறுவனத்துக்காக 1969-இல் உருவானது. நான்கு வரிசை, நான்கு பத்தி. எந்த ஊரின் எந்தத் துயரமும் இந்தப் பதினாறு கட்டங்களுக்குள் அடங்கியாக வேண்டும். கடைசிப் பத்திக்கு ‘அனுமானங்கள்’ என்று பெயர். மழை பெய்யும், ஊராட்சித் தலைவர் ஒத்துழைப்பார், பணியாளர் யாரும் பாதியில் வேலையை விடமாட்டார் என்பவை அங்கே இடம்பெறும். திட்டம் படுத்த பிறகு எல்லோரும் முதன்முறையாகப் படிப்பது இந்தப் பத்தியைத்தான்.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால் ஏழைகளின் ஞாபகம் பிப்ரவரியில் உச்சத்தை எட்டுகிறது. வெளிநாட்டு நிதியின் கதை வேறு. அதற்கான தனிச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம், அந்த நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக இறக்கியது. செலவைக் குறை என்றதும் முதலில் வெட்டுப்படுவது, மேலாளர் ஊர் ஊராகப் போய்ப் பணியாளர்களை நேரில் பார்ப்பதற்கான பயணப்படி. அந்த இடத்தில் காசில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டது வாட்ஸ்அப்.

கீழே சொல்வது இப்போது முழுக்க அங்கேதான் நடக்கிறது. ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். ஆனாலும் ஒன்பது பேர் வேலை செய்யும் திட்டத்துக்கு நான்கு குழுக்கள் தேவைப்படும்: எல்லோரும் இருப்பது, இயக்குநர் இல்லாதது, மேலாளர் இல்லாதது, பிறந்தநாள் வாழ்த்துக்கென்று தொடங்கி வவுச்சர் கேட்கப் பயன்படுவது. நான்கிலும் வரும் பதில் ஒன்றே: கட்டைவிரல்.

கட்டைவிரலில் பல இனங்கள் உண்டு. செய்தி போன மூன்றாம் நொடியில் விழுவது, படிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி. இரவு பதினொன்றரைக்கு வருவது, படித்து மனம் வெந்ததற்கு. இயக்குநர் போட்டதைப் பார்த்துப் போடப்படுவதற்குச் செய்தியோடு தொடர்பே கிடையாது. களப்பணியாளர் டெங்குவால் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார் என்றாலும் வரிசையாக விழும். ‘நோட்டட் சார்’ என்று எழுதுபவர் இதில் ஒரு படி மேல்; அவருக்கும் ஞாபகம் இருக்காது, எழுத்துப்பிழை மட்டும் இருக்காது.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை அப்படியொரு குழுவில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: “நாளைய மகளிர் குழுப் பயிற்சிக்கு மைக் செட் யாரிடம் இருக்கிறது?” எட்டுக் கட்டைவிரல்கள் விழுந்தன. ‘யாரிடம்’ என்று கேட்டால் கட்டைவிரல் எப்படி ஐயா பதிலாகும்? சனிக்கிழமை காலை எட்டுப் பேரும் வந்தார்கள். பேனர் வந்தது, சமோசா வந்தது. மைக் செட் வரவில்லை.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இன்றும் பயிற்சிக்கு வரும் பாட்டி வருகைப் பதிவேட்டில் இரண்டு கட்டத்தை அடைத்து, நிதானமாகத் தன் முழுப்பெயரை எழுதுகிறார். அந்தப் பதிவேட்டை நீட்டுகிற, சமூகப்பணியில் முதுகலை முடித்தவர்தான் கைநாட்டுக்குத் திரும்பியிருக்கிறார்.

சனிக்கிழமை மைக் இல்லாதது பெரிய குறையாகத் தெரியவில்லை என்பதையும் பதிவு செய்யவேண்டும். நாற்பது நாற்காலிகளுக்கு ஆறு பெண்கள்தான் வந்திருந்தார்கள். “இது நடவு நேரம் சார், பத்து மணிக்கு யாரும் வரமாட்டாங்க” என்று அந்த ஊர்க் களப்பணியாளர் முந்தின வாரமே குழுவில் எழுதியிருந்தார். மேலாளர் அப்போது பணம் தரும் கம்பெனியின் அதிகாரி வருகிற தேதிக்கு ஏற்ப அட்டவணையை நிரப்பிக்கொண்டிருந்தார். களப்பணியாளருக்கு அவரிடமிருந்து கிடைத்தது ஒரு கட்டைவிரல்.

மூன்றாவது பிரிவான கேட்பது, காலாண்டு அறிக்கை அனுப்பி முடித்த பிறகு விளக்கப்படும். மைக் செட் வைத்திருப்பவர் தயவுசெய்து திங்கட்கிழமைக்குள் அலுவலகத்தில் ஒப்படைக்கவும். விரல் வேண்டாம், மைக் செட் போதும்.